யாழ்ப்பாணத்து வீடும் மாரி வெள்ளமும்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசிப்போர், நான்கு எல்லைகளும் கூறப்பட்டு முடிந்தபின் வரும் ஒரு தொடரை நன்கு அறிவர். இன்ன காணியும், அதிலுள்ள வீடும், வான்பயிரும், செய்பயிரும், கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் என்று அது செல்லும். வீட்டையும் மரத்தையும் கிணற்றையும் உறுதியில் எழுதியமைக்குக் காரணம் கூறவேண்டியதில்லை. வாய்க்காலை எழுதியதுதான் சிந்தனைக்குரியது. கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீர் செல்லும் வாய்க்காலையே அத்தொடர் முதன்மையாகக் குறித்ததாயினும், அயலவனுடைய காணியினூடாகச் செல்வதற்கு நீருக்கும் ஓர் உரிமை உண்டு என்ற எண்ணம் அதன் அடியிலே கிடக்கிறது. அவ்வெண்ணம் வலுவுடன் இருந்தவரையில் யாழ்ப்பாணத்து வீடுகளின் அடிப்பாகம் பெரும்பாலும் உலர்ந்தே இருந்தது.

மேல்நாட்டு வீடுகளைப் பற்றி வாசிக்கும்போது, நிலமட்டத்துக்குக் கீழே அமைந்த அறையொன்று அவற்றில் இருப்பதைக் காண்கிறோம். குளிர் நாடுகளிலே பனிக்காலத்தில் மேல்மண் உறைந்து வீங்கும். வெயில் வந்ததும் இளகித் தாழும். ஆதலால் அத்திவாரத்தை உறைவு எட்டாத ஆழம் வரை இறக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு தோண்டியபின் அக்குழியை வெறிதே மூடாமல் அறையாக்கிக் கொண்டனர். விறகும் நிலக்கரியும் கிழங்கும் மதுவும் அங்கே இருந்தன. யாழ்ப்பாணத்திலோ உறைபனி இல்லை. அத்திவாரம் ஆழமாக இறங்கவேண்டிய தேவையும் இல்லை. நெல்லும் ஒடியலும் புகையிலையும் வீட்டின் மேலே, பரணிலும் அட்டாளையிலும், அடுப்புப் புகை படும் இடத்திலேயே பாதுகாப்பாக இருந்தன. அன்றியும், இந்நிலத்திலே நிலவறை தோண்டப் புகுந்தவன் பெரும்பாலும் கிணறு தோண்டி முடிப்பான்!

குடாநாட்டின் நில அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கு இல்லை. குன்றென்று சொல்லத்தக்க மேடும் இல்லை. மேலே செம்மண்ணோ சாம்பல் நிற மண்ணோ மணலோ இருக்கும். அதன் கீழே சுண்ணக்கல். அக்கல் துளையும் வெடிப்பும் குகையும் நிறைந்தது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டிவிடும். பெய்த நீர் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கடனீரைவிட நன்னீர் பாரங் குறைந்தது. ஆகவே கடன்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது 1889 இல் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901 இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் கண்டு வெளியிட்ட கணக்கு. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இக்கணக்குக்குக் கண்கண்ட சான்று.

இதன் பயன் இரண்டு. மாரிக்காலத்திலே கிணற்று நீர் விறுவிறென்று மேலே ஏறும். தாழ்ந்த காணிகளிலே கயிறு வேண்டாமல் கையாலேயே மொண்டு கொள்ளலாம். அந்நாளில் நிலத்தைத் தோண்டிய எக்குழியும் ஊற்றெடுக்கும். இது ஒன்று. மற்றொன்று, மாரியில் நிலத்துள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிட்ட நீர் சித்திரை வைகாசியிலே கிணற்றில் இராது. வீட்டை நனைக்கும் நீரும் குடத்தை நிரப்பும் நீரும் ஒரே நீர்தான். ஆதலால் வீட்டைக் காப்பதற்காக வெள்ளத்தை ஒரேயடியாகத் துரத்திவிடவும் முடியாது. கிணற்றுக்காக அதை வாசலிலே தேக்கிவைக்கவும் முடியாது. இந்த இக்கட்டுக்கு நடுவேதான் யாழ்ப்பாணத்து வீடு உருவாயிற்று.

வீட்டின் முதற்காப்பு குந்து. சுவரின் அடியிலே, நிலத்திலிருந்து ஒன்றரை அடியோ இரண்டடியோ உயர்த்திக் கட்டி, சுவருக்கு வெளியேயும் சற்று நீட்டிவிடப்பட்ட மேடையே அது. பேச்சுத்துணைக்கு வந்தவர் அமர்வதும், வெற்றிலைத் தட்டம் வைப்பதும், பிள்ளைகள் இருந்து பாடம் படிப்பதும் அதிலேதான். ஆயினும் அது அமர்வதற்கென்று மட்டும் எழுந்ததன்று. முற்றத்திலே நீர் நின்றாலும் அது நேரே சுவரைத் தொடாதபடி தடுப்பது குந்து. கூரையின் தாழ்வாரம் குந்துக்கு வெளியே வந்து இறங்கும். தூவானம் அடித்தாலும் குந்து நனையுமேயன்றிச் சுவர் நனையாது. பழைய கிடுகு வீடுகளின் தாழ்வாரம் நெற்றியில் முட்டுமளவுக்குத் தாழ்ந்திருந்ததைப் பிற்காலத்தார் நாகரிகக் குறைவு என்று எண்ணினர். மண்சுவருக்குக் குடை பிடித்தவர் கையைத் தாழ்த்தித்தானே பிடிக்கவேண்டும்!

மண்வீட்டின் தளம் புற்றுமண்ணும் களியும் இட்டு இறுக்கி, சாணத்தால் மெழுகப்பட்டது. கிழமைக்கு ஒருமுறை, விசேட நாள்களுக்கு முன்னர் ஒருமுறை என்று பெண்கள் அதை மெழுகினர். வீட்டின் வரலாற்றை எழுதுவோர் கொத்தனாரையும் தச்சரையும் குறிப்பிடுவர். மெழுகிய கையை மறந்துவிடுவர். மழைக்காலம் தொடங்குமுன் தளத்தின் வெடிப்பைக் கண்டு அடைத்ததும், கறையான் புற்றெடுத்த மூலையை முதலிற் கண்டதும் அக்கையே. ஈரம் ஏறிய இடத்தைக் கறையான் தேடிவரும் என்பது அனுபவத்திலே தெரிந்த பாடம்.

கல்வீடுகளிலே சுண்ணக்கல்லும், கரையோரங்களில் முருகைக்கல்லும், அவற்றைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் பயன்பட்டன. சுண்ணாம்புச் சாந்து நீரை முற்றாகத் தடுப்பதில்லை. மாரியிலே அது சிறிது ஈரத்தை வாங்கும். தையிலே வெயில் எறித்ததும் வாங்கியதை வெளியே விட்டுவிடும். பிற்காலத்திலே சீமெந்து வந்தபோது, கல்லைப்போல் இறுகுவதால் அதுவே மேலானது என்று பலரும் நம்பினர். காங்கேசன்துறையிலே 1950 இல் சீமெந்து ஆலை தொடங்கியபின் அது கைக்கெட்டிய பொருளும் ஆயிற்று. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசியவர்கள், உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியின்றி, சுவரின் உட்புறத்திலே உவர் பூத்து உதிர்வதைக் கண்டனர். சீமெந்தின் குற்றம் அன்று இது. பழைய சுவருக்கு மூச்சு வேண்டும் என்பதை அறியாத குற்றம்.

நாற்சார் வீட்டின் நடுமுற்றம் தனியே கூறத்தக்கது. நான்கு புறக் கூரைகளும் உள்நோக்கிச் சரிய, மழைநீர் முழுவதும் வீட்டின் நடுவிலேயே வந்து விழுகிறது. இதனை முதன்முறை காண்பவர், நீருக்கு அஞ்சும் நாட்டிலே நீரை வீட்டின் நடுவுக்கு அழைத்தவர் யாரோ என்று வியப்பர். முற்றத்தின் தளம் சுற்றியுள்ள விறாந்தையினும் தாழ்ந்தது. ஒரு மூலையை நோக்கி அது மெல்லச் சரிந்திருக்கும். அம்மூலையிலிருந்து ஒரு தூம்பு தளத்தின் அடியாகக் கோடிப்புறத்துக்குச் செல்லும். கூரை கூடும் மூலைகளிலே பீலி வைத்து, அதன் கீழே கிடாரத்தை வைத்து மழைநீர் பிடிப்பர். மிகுதி நீர் தூம்பு வழியே கிணற்றடி வாழைக்கும் தென்னைக்கும் சென்று மண்ணுள் இறங்கும். வருடந்தோறும் ஐப்பசி பிறக்குமுன் அத்தூம்பிலே குச்சி விட்டுக் குடைந்து சருகெடுப்பது வீட்டு ஆண்பிள்ளைகளின் கடமை. தூம்பு அடைத்த வீட்டிலே முதல் மழைக்கே விறாந்தை நனைந்துவிடும்.

இவ்வாறெல்லாம் கூறும்போது ஓர் உண்மையை மறைத்தலாகாது. உயர்ந்த குந்தும் கல்லும் ஓடும் எல்லார்க்கும் கிடைத்தனவல்ல. கல்வீடு கட்டவும் ஓடு வேயவும் சில சாதியாருக்கு ஊர்வழக்கம் இடங்கொடாத காலம் இருந்தது. மேட்டுக்காணி வசதியுடையார் கையில் இருந்தது. குளக்கரையும் வயலோரமும் பள்ளமும் பிறர் பங்காயின. மேட்டிலிருந்து வடிந்த வெள்ளம் வந்து நின்ற இடம் அவர்களுடைய கொட்டில்களின் தளம். பழைய முறையின் சிறப்பைப் புகழ்வோர் இதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

வீட்டுக்கு வெளியே வருவோம். வளவைச் சுற்றி வேலி. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பர். வேலி ஆட்டையும் மாட்டையும் தடுத்தது, அயலவர் பார்வையைத் தடுத்தது, நீரைத் தடுக்கவில்லை. ஒரு வளவில் விழுந்த மழை, நிலம் குடித்தது போக மிகுதி, வேலியின் அடியால் கசிந்து ஒழுங்கைக்கு வந்தது. ஒழுங்கைகள் வளவுகளினும் தாழ்ந்திருந்தன. மாரியிலே அவையே வாய்க்கால்கள். ஒழுங்கையிலிருந்து வெள்ளவாய்க்காலுக்கும், அதிலிருந்து குளத்துக்கும், ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்கும் நீர் நடந்து சென்றது. குடாநாட்டிலே இவ்வாறான சிறிய குளங்களும் கேணிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை என்பர். வலிகாமத்து வெள்ளத்தின் ஒரு பகுதியை வழுக்கையாறு ஏந்திச் சென்றது. ஆறு என்ற பெயரைத் தாங்கினும் அது மாரிக்கால வடிகாலே. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கமிருந்து இறங்கி, வயல்களை நனைத்து, அராலியிலே கடனீரேரியைச் சேர்கிறது. இந்த நடையிலே நீர் தாமதித்துச் சென்றது என்பதே முக்கியம். தாமதித்த இடமெல்லாம் அது நிலத்துள் இறங்கிற்று. அடுத்த ஆவணியில் இறைத்த கிணற்று நீர், முந்திய கார்த்திகையில் ஒழுங்கையிலே முழங்காலளவு நின்ற வெள்ளமே.

இந்நாட்டின் இயல்பு தெரியாமல் வந்து அதனைப் பட்டறிந்தவர்களும் உண்டு. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, கடனடுவே உள்ள ஒரு சிறு திட்டியில் அவர்கள் முருகைக்கல்லால் ஒரு கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் பின்னர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கைத் தீவு பன்றித் தொடையைப் போன்ற வடிவினது என்றும், இக்கோட்டை அத்தொடையின் குதிகால் என்றும் அவர்கள் கருதியதே அப்பெயர்க்குக் காரணம். தமிழர் அதைக் கடற்கோட்டை என்றே அழைத்தனர். அக்கோட்டையின் வடபுறத்து மதில் அடியிலே உள்வெளியாக இருந்தது. மரவளைகள் தாங்க, மேலே கல்லும் சுண்ணாம்பும் இட்டு மூடிய நிலவறை அது. நாற்புறமும் கடல் சூழ்ந்த இடத்திலே மரத்தின்மேற் கல்லைச் சுமத்திய அமைப்பின் ஆயுள் எவ்வளவு?

1658 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரைக்லொப் வான் கூன்ஸ் என்பவரின் தலைமையில் வந்த ஒல்லாந்தர் கோட்டையை முற்றுகையிட்டனர். இரண்டு கிழமைகளில் அது பணிந்தது. குடிநீர்த் தொட்டி அழிந்துபட்டமையே முக்கிய காரணமாயிற்று. சுற்றிலும் நீர், குடிக்க நீரில்லை. கோட்டையைப் பெற்ற ஒல்லாந்தர் அந்நிலவறையைப் பலவீனம் என்று கண்டு நீக்கினர். மதிலின் அடிமுழுவதையும் கல்லால் நிரப்பி, கல்வளைவால் மூடினர். நன்னீர்த் தேக்கத்தை உயர்ந்த மட்டத்திலே அமைத்தனர். அலை அத்திவாரத்தை அரிப்பதைக் கண்டு வெளியே கல்லணையும் இட்டனர். ஒல்லாந்தர் யார்? கடன்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தை அணைகட்டி, காற்றாலைகொண்டு நீரிறைத்து, பயிர்நிலமாக்கிய நாட்டினர். நிலத்துக்குக் கீழுள்ள நீரோடு போராடுவதில் உலகத்தில் அவர்களுக்கு நிகர் அன்று யாரும் இல்லை. அத்தகையோரே இங்கு கீழறையை மூடி, தண்ணீரை மேலே ஏற்றினர். யாழ்ப்பாணத்துக் குடியானவன் தன் மண்குந்தாலே செய்ததை அவர்கள் பெருங்கல்லாலே செய்தனர் எனலாம்.

அதன்பின் மூன்று நூற்றாண்டு காலம் நிலத்தின் கீழே குடியிருக்கும் எண்ணம் இங்கு எவருக்கும் எழவில்லை. விரும்பி எழவும் இல்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து யுத்தம் அதனை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது.

ஷெல் வீச்சுக்கும் வான்குண்டுக்கும் தப்ப மக்கள் வளவுகளிலே பதுங்குகுழி தோண்டினர். 1987 இல் வடமராட்சியிலும், 1990 இன் பின் குடாநாடு முழுவதிலும் பதுங்குகுழி வீட்டின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று. ஆளுயரத்துக்குத் தோண்டி, பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டைகளும் மண்ணும் குவிப்பர். வாசலை நேரே விடாமல் மடக்கி விடுவர். சீமெந்து குடாநாட்டுக்கு வரத் தடை இருந்த காலத்திலே பனையும் உரப்பையும் மண்வெட்டியுமே கட்டடப்பொருள்கள். கோடையிலே பிள்ளைகள் அதற்குள் விளையாடினர். பள்ளிக்கூட வளவுகளிலும் குழிகள் இருந்தன. விமான இரைச்சல் கேட்டால் வகுப்பு முழுவதும் குழிக்குள் இறங்கிற்று.

மழை வந்ததும் முன்னோர் ஏன் மேலே கட்டினர் என்பது விளங்கிவிட்டது. முதல் நாள் மண் நனைந்து சுவரோரம் உதிரும். அடுத்த நாள் வாசற்படியால் வெள்ளம் இறங்கும். இவற்றைத் தடுக்கலாம். வாசலைச் சுற்றி வரம்பு கட்டி, மேலே கிடுகோ பொலித்தீனோ விரித்து, குவித்த மண்ணைச் சுற்றி ஒரு காண் வெட்டிவிட்டால் மேல்வெள்ளம் உள்ளே வராது. ஆனால் சில கிழமைகளிலே, மழை ஓய்ந்த வெயில் நாளிலும், குழியின் அடியிலே நீர் தானாகத் தெளிந்து நிற்கும். மேலிருந்து வந்த நீரன்று அது. நிலத்தடி நீரே ஏறிவந்துவிட்டது. வாளியால் மொண்டு ஊற்றினாலும் விடிவதற்குள் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். கிணற்றை இறைத்து வற்றச் செய்ய எவராலாகும்?

ஊருக்கு ஊர் வேறு வேறு உபாயம் கண்டனர். செம்மண் பூமியிலே ஆழமாகத் தோண்டினாலும் நீர் பிந்தி வந்தது. கரையோர மணலிலே தோண்டத் தோண்டச் சரிந்தது. பனங்குற்றியால் பக்கச் சுவரும் அடைக்க வேண்டியிருந்தது. கல்நிலத்திலே இரண்டு முழத்துக்கு மேல் இறங்க முடியாதவர்கள், பாதியைக் கீழேயும் பாதியை மேலேயும் மண்மூட்டையால் எழுப்பினர். வேறு சிலர் தோண்டுவதையே விட்டு, வீட்டின் உள்ளறையொன்றின் சுவரோரம் மண்மூட்டை அடுக்கி ஒதுங்கினர். குழிக்குள்ளே மரப்பலகையால் ஒரு பரண் கட்டி, நீருக்கு மேலே முதியோரையும் குழந்தைகளையும் இருத்தியவர்களும் உண்டு. நிலத்தின் கீழே பதுங்கியிருந்தபோதும் ஒரு குந்து தேவைப்பட்டது! இருளிலே பாம்பு கிடக்கும் என்ற அச்சம் ஒருபுறம், காய்ச்சல் வரும் என்ற அச்சம் ஒருபுறம். எனினும் இரைச்சல் கேட்டபோது முழங்கால் நீரிலே இறங்கி நின்றனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்ததும் மாரி தொடங்கிய காலமே. விட்டுச்சென்ற குழிகள் அம்மாரியில் நிரம்பின. சில வளவுகளிலே அவற்றின் தடம் இன்னமும் சிறு பள்ளமாகத் தெரிகிறது.

யுத்தம் வேறொரு வழியாலும் யாழ்ப்பாணத்தாரை நிலத்தின் கீழே குடிவைத்தது. 1983 இன் பின் கடல்கடந்து சென்றவர்களிற் பெருந்தொகையினர் கனடாவின் ரொறொன்ரோ நகரையும் அதன் ஸ்காபரோப் பகுதியையும் சேர்ந்தனர். அங்கே குறைந்த வாடகைக்குக் கிடைத்தது வீடுகளின் நிலக்கீழ் அறை. பேஸ்மென்ட் என்ற சொல் அவர்களுடைய கடிதங்களின் வழியே ஊருக்கு வந்தது. குளிருக்கு அஞ்சி ஆழ இறக்கிய அத்திவாரத்தின் உள்ளே, பதுங்குகுழியை விட்டு வந்தவர்கள் வாழ்க்கையைத் தொடங்கினர்.

அந்நகரிலும் வெள்ளம் வந்தது. 2013 யூலை 8 இல் சில மணித்தியாலங்களிலே, நகரின் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலக்கீழ் அறைகளிலே நீர் புகுந்தது. நிலத்தடிக் குழாய்கள் நிரம்பி, கழிவுநீரே திரும்பி மேலெழுந்தமை கொடுமையானது. தளத்தின் அடியிலே சிறு குழியமைத்து மின்பம்பியால் நீரிறைப்பதும், கழிவுநீர் திரும்பிவராதபடி குழாயிலே ஒருவழிக் கதவு பொருத்துவதும் அங்குள்ள காப்புகள். அவற்றுக்கு மாநகரசபை உதவிப்பணமும் தருகிறது. அதனினும் கவனிக்கத்தக்கது ஒன்று. கூரைப் பீலியின் நீரை நேரே நிலத்தடிக் குழாயில் இணைக்கக்கூடாது, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் புற்றரையிலே விடவேண்டும் என்று அந்த மாநகரசபை 2007 இல் விதிசெய்து, பின்னர் படிப்படியாக நகரெங்கும் நடைமுறைப்படுத்திற்று. கிணற்றடி வாழைக்குத் தூம்பு விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்விதியை ஆங்கிலத்திலே வாசித்தனர்.

அவர்கள் அனுப்பிய பணமும், 2009 இல் யுத்தம் முடிந்தபின் கிடைத்த வீட்டுத்திட்ட உதவிகளும் குடாநாட்டிலே வீடுகளைப் புதிதாக எழுப்பின. இடிந்த ஊர்களிலே கூரை எழுந்தது பெரும் ஆறுதல். ஆனால் வேலி இருந்த இடத்திலே மதில் வந்தது. கிடுகும் கதியாலும் ஆண்டுதோறும் தேடி அடைக்க ஆளில்லை. மதில் ஒருமுறை கட்டினால் போதும். அதன் அத்திவாரம் நிலத்துள் இறங்கி, சுவர் இடைவெளியின்றி எழுந்தது. முன்பு வேலியடியாற் சென்ற நீர் இப்போது திரும்பி நின்றது. முற்றத்தைக் கொங்கிறீட்டாலும் கல்லாலும் மூடினர்; நிலம் குடிக்கும் வாயும் அடைபட்டது. தெருவை ஆண்டுக்காண்டு உயர்த்தித் தாரிட்டனர். வளவினும் தாழ்ந்திருந்த ஒழுங்கை வளவினும் உயர்ந்தது. குளங்களிற் சில குப்பையாலும் கட்டடத்தாலும் சுருங்கின. வெள்ளவாய்க்கால்களின் மேலே கடைகள் எழுந்தன.

இந்நிலையிலே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைக் காக்க முயன்றால் நேர்வது யாது? வசதியுள்ளவர் தம் காணிக்கு மண்போட்டு நிரவி, அத்திவாரத்தை மூன்றடி உயர்த்துகிறார். அவருடைய காணியில் நிற்கவேண்டிய நீர் அயல்காணிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அயலவரும் நிரவுகிறார். இறுதியில் நிரவ இயலாத ஏழையின் வீட்டுக்குள் அந்த ஒழுங்கையின் வெள்ளம் முழுவதும் சென்று சேர்கிறது. குந்து என்பது முன்பு நீருக்கு வழிவிட்டு நின்ற உயரம். இப்போதைய உயரம் நீரை அயலுக்குத் தள்ளும் உயரம். இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்ளுதல் பிழை.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. ஓர் ஆண்டு மழையிலே கால்வாசிக்கு மேற்பட்டதை ஒரு நாள் கொட்டியது. அத்தகைய மழைக்குப் பழைய முறையும் முழுக்காப்பு அளித்திராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2024 நவம்பர் இறுதியிலே பெங்கல் புயலோடு வந்த மழையில் குடாநாட்டின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீண்டும் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்க நேர்ந்தபோது, வெள்ளம் வந்த கணக்கோடு வெள்ளம் வடியாத கணக்கையும் ஊரவர் பேசினர். மழை விட்டும் முற்றத்து நீர் இறங்கவில்லை. நிலத்தடி நீர் மேலே ஏறிநின்றது ஒரு காரணம். போகும் வழி அடைபட்டது மற்றொன்று. முன்னதை மனிதர் மாற்ற இயலாது.

நீர் நின்ற வீட்டிலே கெடுவது சுவரும் தளபாடமும் மட்டுமல்ல. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே சிறு வளவில் அருகருகே இருக்கின்றன. வெள்ளம் இரண்டையும் கலந்துவிடுகிறது. சுண்ணக்கல்லின் வெடிப்பு எதையும் வடிகட்டுவதில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி கடத்திவிடுகிறது. கிணற்றுக்கட்டை உயர்த்துவதும், வெள்ளம் வடிந்தபின் இறைத்துக் குளோரின் இடுவதும் இதனாலேதான் வேண்டப்படுகின்றன.

திருத்த முயற்சிகள் சில நடந்துள்ளன. நகரின் நடுவிலுள்ள ஆரியகுளம் தூர்வாரித் திருத்தப்பட்டு 2021 இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. கரை அழகாயிருக்கிறது, மாலையிலே மக்கள் கூடுகின்றனர். குளத்துக்கு அழகு கரையிலே இருந்தாலும் உயிர் அதற்கு வரும் வாய்க்காலிலே இருக்கிறது. வாய்க்கால்கள் தனியார் மதில்களுக்கும் கடைகளுக்கும் நடுவே செல்வதால், அவற்றைத் திறப்பது குளத்தைத் தூர்வாருவதினும் கடினமான வேலை.

ஆயினும் சில ஒழுங்கைகளிலே ஒரு சிறு மாற்றத்தைக் காணலாம். மதில் கட்டும்போதே அதன் அடிக்கல்லிலே பத்தடிக்கு ஒன்றாகக் கைபுகும் அளவு துவாரம் விடுகின்றனர். நாய் நுழையாதபடி அதற்குக் கம்பிவலை வைப்பதும் உண்டு. முற்றம் முழுவதையும் மூடாமல், கூரைநீர் விழும் பக்கத்திலே மண்ணை விட்டு வாழை வைக்கின்றனர். துவாரம் விடாமற் கட்டிய வீட்டுக்காரரிடம், ஐப்பசியில் முதல் மின்னல் மின்னியதும், அடுத்த வீட்டுக்காரர் படலையடியில் வந்து நின்று கேட்பதுண்டு: "அண்ணை, மதிலிலை ஒரு ஓட்டை விடுங்கோவன். தண்ணி உங்கடை வளவிலை நிக்காது. ஒழுங்கையாலை ஓடிப் போயிடும்." சிலர் கல்லுளியை எடுக்கின்றனர். சிலர் பிரதேசசபைக்கு முறைப்பாடு எழுதுகின்றனர். காணி உறுதியிலே வழிவாய்க்கால் என்ற சொல் இன்னும் எழுதப்படுகிறது.